நாஸ்டால்ஜியா கிரிட்டிக் மேல் இருந்த ஆசை எங்கே விட்டுப்போனது? உங்களுக்கும் இப்படி நடந்ததா?

பொருநைக்கரை:

போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தபோது அண்ணனுடைய பழைய ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. அவன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. ஓடுமா என்று சந்தேகப்பட்டுக்கொண்டேதான் சொருகினேன். ஓடியது. உள்ளே 'கண்ணாடிக்காரர்' என்று ஒரு ஃபோல்டர். 2012 வரைக்கும் வந்த நாஸ்டால்ஜியா கிரிட்டிக் வீடியோக்களை அதில் வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தான்.

ஒன்றைப் போட்டேன். ஐந்தாவது நிமிடம் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுக்களையில் இருந்த அம்மா என்னவோ என்று எட்டிப் பார்த்தார். அதே உற்சாகத்தில் யூடியூபுக்குப் போய் அவருடைய சமீபத்திய வீடியோ ஒன்றைத் திறந்தேன். நான்கு நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாஸ்டால்ஜியா கிரிட்டிக் என்பது பழைய படங்களைக் கேலியாக விமர்சிக்கும் ஒரு பாத்திரம். அதைச் செய்பவர் டக் வாக்கர், அமெரிக்காவில் சிகாகோ பக்கத்து ஆள். 2007இல் யூடியூபில் ஆரம்பித்தார். படக் காட்சிகளைப் பயன்படுத்தியதற்காகக் காப்புரிமைப் புகார் வந்து வீடியோக்கள் போய்விட்டன. 2008இல் 'தட் கய் வித் தி கிளாஸஸ்', அதாவது 'கண்ணாடி போட்ட அந்த ஆள்' என்று தனியாகத் தளம் தொடங்கினார். அதனால்தான் அண்ணன் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர் வைத்தான். கறுப்பு கோட்டு, சிவப்பு டை, தலையில் தொப்பி, பின்னால் வெறும் சுவர். தான் சின்ன வயதில் பார்த்த 80, 90களின் படங்களை எடுத்துவைத்துக்கொண்டு, இதை நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம், உங்களுக்காக நான் வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தொடங்குவார். அவரும் அவருடைய சகோதரர் ராபும் சேர்ந்துதான் எழுதுவார்கள். பட்டியல் போட்டால் பத்தோடு நிறுத்த மாட்டார், பதினொன்று போடுவார்.

எங்கள் வீட்டு பிராட்பேண்டில் பகலில் பார்த்தால் அளவு கடந்து காசு ஏறிவிடும். இரவு 2 மணியில் இருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் வராது. அண்ணன் 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்குவான். காலையில் நான் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் போய் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே ஹெட்போனில் ஆளுக்கொரு காதாக உட்கார்ந்து பார்ப்போம்.

அவர் விமர்சித்த படங்களில் முக்கால்வாசி நாங்கள் பார்த்ததே இல்லை. அவருக்குத்தான் அது பால்ய ஞாபகம். எங்களுக்கு அந்தப் படங்களே அவர் வழியாகத்தான் அறிமுகம். ஆனால் 1997இல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' படத்தைக் கேபிளில் பார்த்திருந்தோம். அதில் ஒரு ஏலக் காட்சி வரும். பேட்மேன் வௌவால் சின்னம் போட்ட கிரெடிட் கார்டை எடுத்து நீட்டுவார். அது செல்லுபடியாகும் தேதி என்ற இடத்தில் 'என்றென்றும்' என்று இருக்கும். நாங்கள் கேபிளில் பார்த்தபோது அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தலைகால் புரியாமல் வெடித்த வெடிப்பு இருக்கிறதே! அதற்கப்புறம் வேறு வீடியோக்களில் அந்த வௌவால் கார்டின் பேச்சு காதில் விழுந்தாலே அவருக்கு ஆவேசம் வரும். எங்கள் வீட்டிலும் அப்பா ஏதாவது வேண்டாத பொருளை வாங்கிக்கொண்டு வந்தால் அண்ணன் மெதுவாக "வௌவால் கார்டு" என்பான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

நான் இப்போது கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன், பதினோரு வருடமாக. அந்தத் தொழிலில் இருந்து பார்க்கும்போது அவர் என்ன செய்தார் என்று நன்றாகவே தெரிகிறது. படத்துண்டு ஓடும். வெட்டு. அவர் முகம். உடனே பேச மாட்டார். கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும் அசையும். அந்த இடைவெளியில் நாம் பார்த்த காட்சி நம் மூளைக்குள் இன்னொரு தடவை ஓடும். 'அட ஆமாம், இது எப்படி?' என்று நமக்குத் தோன்றிய பிறகுதான் அவர் வாயைத் திறப்பார். சிரிப்பு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. நான் தாலி கட்டும் ஷாட் முடிந்ததும் பெண்ணுடைய அப்பா முகத்தை வைப்பேன். கெட்டிமேளத்தை அந்த இடத்தில் பன்னிரண்டு ஃபிரேம் இறக்கிவிடுவேன், அதாவது அரை விநாடி. கணக்குப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் அழுவது அங்கேதான். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் என்ன ஆனது? 2012இல் அந்தப் பாத்திரத்துக்கு அவரே முடிவு கட்டினார். 'டெமோ ரீல்' என்று வேறொரு தொடர் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. 2013 ஆரம்பத்தில் கோட்டும் தொப்பியுமாகத் திரும்பி வந்தார். அன்றைக்கு அண்ணன் மஸ்கட்டில் இருந்து போன் போட்டுச் சொன்னான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் வந்தவர் வேறு ஆளாக இருந்தார். கூட இரண்டு மூன்று நடிகர்கள். தியேட்டரில் ஓடும் புதுப் படங்களை எடுத்துக்கொண்டார். காட்சித்துண்டு போட முடியாது என்பதால் காட்சிகளைத் தாங்களே வேஷம் கட்டி நடித்துக் காட்டினார்கள். நான் இரண்டு வருடம் விடாமல் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அடுத்தது நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு கட்டத்தில் வீடியோ வந்த அறிவிப்பைப் பார்த்தும் திறக்காமல் விட்டேன். அப்புறம் அறிவிப்பையும் அணைத்துவிட்டேன்.

கடைசியாக முழுதாகப் பார்த்தது 2019இல் அவர் பிங்க் ஃபிளாய்டு என்ற ராக் இசைக்குழுவின் 'தி வால்' படத்தைப் பற்றிச் செய்தது. பாட்டுகளை எல்லாம் கேலிப் பாட்டாக மாற்றிப் பாடி, அதை ஆல்பமாகவும் வெளியிட்டார்கள். உழைப்பு நிறைய. ஆனால் அந்தப் படத்துக்குள் இருப்பது அந்தக் குழுவில் பாட்டு எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் என்ற மனிதரின் சொந்தத் துக்கம். அவர் ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போது, 1944இல், அவருடைய அப்பா இத்தாலியில் போர்முனையில் இறந்துபோனார். அந்த வலி வரும் இடங்களிலாவது அந்தப் பழைய அரை விநாடி மௌனம் வரும் என்று காத்திருந்தேன். எனக்கு அது கிடைக்கவில்லை. அன்றைக்கே சப்ஸ்கிரைப் செய்ததை எடுத்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான். உங்களுக்கு இப்படி மிகப் பிடித்துப்போய் அப்புறம் விட்டுப்போன விமர்சகர் யாராவது உண்டா? விட்ட பிறகு பழையதைப் பார்த்தால் பழைய சந்தோஷம் வருகிறதா? அண்ணன் அடுத்த மாதம் லீவுக்கு வருகிறான். டிஸ்க் கிடைத்ததை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. போட்டுக் காட்டி அவனுக்குச் சிரிப்பு வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

-----

தரைடிக்கெட்:

அம்மா, எனக்கு வயது 61. காரைக்குடிப் பக்கம். நீங்கள் சொல்லும் அமெரிக்கரை எனக்குத் தெரியாது. உங்கள் பதிவைப் படித்த பிறகு என் பேரன் இரண்டு வீடியோ போட்டுக் காட்டினான், பழையது ஒன்று, புதியது ஒன்று. எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் நீங்கள் சொன்ன வித்தியாசம் புரிந்தது.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் தரையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவன் நான். அங்கே ஒருவர் வருவார். பகலில் மாட்டுவண்டி ஓட்டுவார், ராத்திரி இரண்டாம் ஆட்டத்தில் கமென்ட் அடிப்பார். வில்லன் சுட்டும் கதாநாயகன் மேல் குண்டு படாமல் போனால், கொட்டகை அமைதியாக இருக்கும் அந்த ஒரு நொடி பார்த்து ஒரே ஒரு வார்த்தை விடுவார். மணல் முழுக்க உருண்டு சிரிப்போம். அவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் சில பேர் டிக்கெட் எடுப்பார்கள்.

மறுநாள் டீக்கடையில் அவரைப் பிடித்து, நேற்று அடித்ததைச் சொல்லுங்கள் என்று கேட்போம். எழுந்து நின்று கதாநாயகன் மாதிரி நடந்து, வில்லன் மாதிரி பேசி எல்லாம் காட்டுவார். ஒருத்தருக்கும் சிரிப்பு வராது. அவர் முகம் சுருங்கிப்போவதைப் பார்க்க எங்களுக்கே கஷ்டமாக இருக்கும். திறமை எங்கேயும் போகவில்லை. திரைதான் இல்லை. எதிரே படம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவரும் நம்மைப் போலத் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அந்த வார்த்தைக்கு உயிர். அவர் எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டால் நாம் அவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கண்ணாடிக்காரரும் தரையில் இருந்து எழுந்து போய்விட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அண்ணனுக்குப் போட்டுக் காட்டுங்கள். யோசிக்காதீர்கள்.

-----

ஸ்காபரோவாசி:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன் தங்கச்சி. ஐயா சொன்ன தரை டிக்கெட் கதை அருமை. அமெரிக்காவிலும் அதே எண்ணத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடர் இருந்தது, 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000'. 1988இல் மினியாபொலிஸில் ஒரு உள்ளூர் சேனலில் தொடங்கியது. பழைய மட்டமான படம் முழுதாக ஓடும், திரையின் கீழ்ப்பக்கத்தில் கொட்டகை இருக்கைகளும் அதில் இருப்பவர்களின் நிழலும் தெரியும். அந்த நிழல்கள்தான் கதைத்துக்கொண்டே இருக்கும். நாங்கள் அவர்களுக்குப் பின்வரிசையில் இருக்கிறோம் என்ற உணர்வு வரும். இணையத்தில் படங்களைக் கேலி செய்த இந்தத் தலைமுறைக்கே அதுதான் தாய்வீடு.

வாக்கருக்காகக் கொஞ்சம் கதைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். துண்டுகளை விட்டது அவருடைய ஆசையால் மட்டும் நடந்ததில்லை. தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்குத் துண்டு எங்கே எடுப்பது? முன்னோட்டத்தில் வந்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பழைய படங்களுக்கும் நிம்மதி இல்லை. அவர்களுடைய வீடியோக்கள் அநேகமாக பிளிப் என்ற தளத்தில் இருந்தன. அது 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. யூரியூப்பிலோ கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி ஏற்பாடு. படக் கம்பனி தன் படத்தின் ஒரு பிரதியைக் கொடுத்து வைத்திருக்கும். நாம் ஏற்றும் வீடியோவை இயந்திரம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் தடுக்கலாம், அல்லது விளம்பரக் காசைக் கம்பனி எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு விமர்சனத்துக்காகத் துண்டு எடுப்பதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் இது விமர்சனமா திருட்டா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. 2016 பெப்ரவரியில் வாக்கர் இதைப் பற்றியே ஒரு வீடியோ போட்டார், அந்த நியாயமான பயன்பாடு எங்கே போனது என்று கேட்டு. கனபேர் அவரோடு சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அந்த ஒரு விஷயத்துக்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

எனக்கு விட்டுப்போனது வேறு வழியால். நான் அந்தத் தளத்துக்கு ஒரு ஆளுக்காகப் போனதில்லை. ஒரு தெருவுக்குப் போன மாதிரிப் போவேன். ஒரு வீட்டில் காமிக்ஸ் பற்றிக் கதைப்பார்கள், அடுத்த வீட்டில் பாட்டு, இன்னொரு வீட்டில் பழைய கார்ட்டூன். வருடம் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து படம் எடுப்பார்கள். 2010இல் நெவாடாவில் இருக்கும் மொலோசியா என்ற குட்டி நாட்டைப் பிடிக்கப் போவதாக ஒரு கதை எடுத்தார்கள். ஒரு தனி மனிதர் தன் காணியைத் தனிநாடு என்று அறிவித்து ஜனாதிபதியாக இருக்கிற இடம் அது. பனி கொட்டுகிற இரவுகளில் நானும் மச்சானும் அதைப் பார்த்துச் சிரித்தோம். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இரண்டாவது வருடம். சிரிப்பதற்கு வேறு பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

2018 ஏப்ரலில் அந்தத் தளத்தில் முன்பு இருந்தவர்கள் பலர் சேர்ந்து, நிர்வாகம் தங்களை நடத்திய விதத்தைப் பற்றி நீளமான ஓர் ஆவணத்தை வெளியிட்டார்கள். நிர்வாகம் பதில் சொன்னது. ஆனாலும் மிச்சம் இருந்தவர்களில் அநேகமானோர் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். ஆவணத்தை இரண்டு இரவு இருந்து வாசித்தேன். எந்தப் படப்பிடிப்பைப் பார்த்து நாங்கள் சிரித்தோமோ அந்த நாட்களைப் பற்றித்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள், பசியும் களைப்புமாக இருந்தது என்று. அதற்குப் பிறகு அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது பின்னால் நிற்கிறவர்களின் முகத்தைத்தான் தேடுகிறேன். சிரிப்பு வருகிறதில்லை.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். அங்கே 2008இல் சேர்ந்து பிறகு வெளியே வந்த லிண்ட்சே எல்லிஸ் 'தி ஹாபிட்' படங்கள் ஏன் அப்படி வந்தன என்று நியூசிலாந்துக்கே போய் விசாரித்து மூன்று பகுதி வீடியோ செய்தார். 2019இல் அது ஹியூகோ விருதுக்கான இறுதிப் பட்டியலுக்குப் போனது. வேலை செய்த நடிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் என்ன நடந்தது என்று கேட்கிற விமர்சனம் அது. கேலியில் தொடங்கியவர் அங்கே போய் நின்றார். நேரம் கிடைத்தால் பாருங்கள்.

-----

புதுப்பேனா:

அக்கா, எனக்கு 20 வயது. நான் அவரைக் கண்டுபிடித்ததே தலைகீழாக. 'தி வால்' வீடியோவைத் திட்டி மற்றவர்கள் போட்ட வீடியோக்களைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்று பார்த்தால் அடுத்தது வரும், அது முடிந்தால் இன்னொன்று. ஒரு வாரம் முழுக்க அவரைத் திட்டுவதையே பார்த்திருக்கிறேன். அவருடைய ஒரு வீடியோகூட நேராகப் பார்த்ததில்லை. உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒருவர் எதனால் பிடித்துப்போனார் என்று தெரியாமலே அவரை வெறுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நான் எதில் இருந்து ஆரம்பிக்கட்டும்?

-----

மூன்றாவதுஅசிஸ்டென்ட்:

நான் உதவி இயக்குநர். வடபழனியில் இருக்கிறேன். என் அனுபவத்தைச் சொன்னால் உங்கள் கேள்விக்கு வேறொரு பக்கத்தில் இருந்து பதில் கிடைக்கலாம்.

நானும் படங்களைக் கேலி செய்யும் வீடியோக்களுக்கு அடிமையாக இருந்தவன். அமெரிக்கர்களும் சரி, நம்மவர்களும் சரி. ரெட் லெட்டர் மீடியா என்ற அமெரிக்க வீடியோக் குழுவினர் 2009இல் ஸ்டார் வார்ஸ் வரிசையின் ஒரு படத்தைப் பற்றிப் போட்ட 70 நிமிட விமர்சனத்தைத் திரைக்கதைப் பாடம் மாதிரி நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறேன். சினிமாவுக்கு வந்ததற்கே அந்த வீடியோக்கள் ஒரு காரணம்.

நான் வேலை செய்த முதல் படம் வெளிவந்த மறுநாள், தமிழில் பிரபலமான ஒரு விமர்சகர் அதை எடுத்துக்கொண்டார். பெயர் வேண்டாம். அவருடைய எல்லா வீடியோவையும் பார்த்தவன் நான். பேருந்து நிலையத்தில் நடக்கும் ஒரு காட்சியை நிறுத்திக் காட்டினார். ஒரு ஷாட்டில் நாயகியின் நிழல் இடது பக்கம் விழுகிறது, அடுத்த ஷாட்டில் வலது பக்கம். "சூரியன் திரும்பிப் போயிட்டு வந்துச்சா?" என்று கேட்டார். லட்சக்கணக்கான பேர் சிரித்தார்கள்.

அந்தக் காட்சியில் கிளாப் அடித்தவன் நான். காலை 5 மணி முதல் 7 மணி வரைதான் எங்களுக்கு அனுமதி. முதல் நாள் பாதி எடுத்ததும் மழை. ஜெனரேட்டர் வண்டிக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மறுபடி அந்த இடம் கிடைக்க ஒன்பது நாள் ஆனது. அதுவும் காலையில் இல்லை, மாலை 4 மணிக்கு. ஒளிப்பதிவாளர் பெரிய ஸ்கிம்மர் துணியைக் கட்டி வெயிலை மறைத்து, எதிர்ப்பக்கம் லைட் வைத்து முடிந்தவரை சரிசெய்தார். ஒரே ஒரு ஷாட்டில் துணி காற்றில் விலகிவிட்டது. அதில்தான் நாயகி நன்றாக நடித்திருந்தார். எடிட்டர் அதைத்தான் வைத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் வைத்திருப்பேன்.

விமர்சகர் சொன்னது பொய் இல்லை. தவறு திரையில் இருக்கிறது, டிக்கெட் எடுத்தவருக்கு மழைக் கதை தேவையும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வீடியோவை எங்கள் லைட்மேன் அண்ணன் ஒருவர் போனில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணியின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் அவர். ஒன்றும் சொல்லாமல் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு அந்த விமர்சகரின் சேனலை என்னால் திறக்க முடியவில்லை. மூன்று வருடம் ஆகிறது.

நிழலைக் கவனித்தவர் அந்தப் பெண் நடித்ததையும் கவனித்திருக்கலாம். அந்த ஷாட்டை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இரண்டையும் பேசியிருக்கலாம். முன்பெல்லாம் அவர் அப்படிப் பேசுகிறவர்தான். படம் வெளியான மறுநாளே வீடியோ வந்தாக வேண்டும் என்று ஆன பிறகு அந்த யோசனைக்கு அவருக்கு நேரம் இல்லை. நீங்கள் சொன்ன அரை விநாடியைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

-----

பொருநைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, முகூர்த்த மாதம்.

தரைடிக்கெட் ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் இத்தனை நாள் நடிகர்கள் வந்ததால் கெட்டுப்போனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நன்றாகத்தான் நடிக்கிறார்கள். அவர் எங்களோடு உட்கார்ந்து படம் பார்ப்பதை நிறுத்திவிட்டார் என்பதுதான் எனக்கு வலித்திருக்கிறது. ஒரே ஹெட்போனில் அண்ணனுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது, மூன்றாவது ஆளாக அவர்.

ஸ்காபரோ அண்ணா, காப்புரிமை விஷயம் இவ்வளவு விவரமாக எனக்குத் தெரியாது. கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டு போட்டால் அதே இயந்திரம் எங்கள் வீடியோக்களையும் பிடிக்கிறது. அவர் எதோடு போராடினார் என்று இப்போது புரிகிறது. அவர் மேல் இருந்த வருத்தத்தில் பாதி குறைந்துவிட்டது. அந்த ஆவணத்தையும் படித்தேன். நீங்கள் சொன்ன மாதிரி, கூட்டமாக எடுத்த அந்தப் படங்களை இனிமேல் என்னால் பார்க்க முடியாது. தனியாகச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசியவை மட்டும் எனக்குப் போதும்.

அசிஸ்டென்ட் சார், அந்த லைட்மேன் அண்ணனிடம் ஒரு எடிட்டர் சொன்னதாகச் சொல்லுங்கள், நடிப்பு நன்றாக இருந்தால் நிழல் எந்தப் பக்கம் விழுந்தாலும் நானும் அந்த ஷாட்டைத்தான் வைப்பேன்.

புதுப்பேனா தங்கச்சி, 2012க்கு முந்தியதில் இருந்து ஆரம்பி. நீ ஏற்கெனவே பார்த்த படம் ஒன்றை எடுத்துக்கொள். முதலில் படம், அடுத்த நாள் அவர். பதினொன்று வரிசையில் ஏதாவது ஒன்று பார். பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, அது உன் சொந்த முடிவாக இருக்கும்.

அண்ணன் போன வியாழக்கிழமை வந்தான். தலையில் முன்பக்கம் முடி கொட்டியிருக்கிறது, கொஞ்சம் பருமனாகவும் ஆகிவிட்டான். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்றும் சொல்லாமல் டிஸ்க்கைச் சொருகி ஃபோல்டரைத் திறந்தேன். 'கண்ணாடிக்காரர்' என்று படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். வௌவால் கார்டு வீடியோவைப் போட்டேன். ஸ்பீக்கர் இருந்தது, ஆனால் அவன் ஹெட்போனை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினான்.

முதல் ஐந்து நிமிடம் அவன் சிரிக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் கவனித்தேன், அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் பேசுவதற்கு முன்னாலேயே இவன் சொல்லிக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை பிசகாமல். ஏலக் காட்சி வந்தது. பேட்மேன் கார்டை எடுத்தார். அவன் கை என் முழங்கையைப் பிடித்தது. அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா இந்தத் தடவை கரண்டியோடேயே வந்து நின்றார்.

முடிந்ததும் கேட்டான், "இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காரா?"

"போடுறார்."

"நீ பாக்குறியா?"

"இல்லண்ணே."

"நானும்தான்" என்றான். "சரி, அடுத்ததைப் போடு."

மூன்றாவது வீடியோவில் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. படம் நின்று நின்று வந்தது. உடனே நிறுத்திவிட்டுக் கடைத்தெருவுக்கு ஓடிப்போய்ப் புது டிஸ்க் வாங்கிக்கொண்டு வந்தோம். ஒவ்வொன்றாகத்தான் காப்பி எடுக்க முடிந்தது, அதுவும் மிக மெதுவாக. ராத்திரி அவன் 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்த்தான். காலையில் நான் எழுந்து பார்த்தபோது நான்கைத் தவிர எல்லாம் வந்திருந்தன. அந்த நான்கையும் எப்படி மீட்பது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஃபைல் பெயர் தெரிகிறது, திறந்தால் கறுப்பாக வருகிறது.